போடி மலையில் புரோக்கோலி: பூ பறிக்கலாம், விதையும் எடுக்கலாமா?

போடிநாயக்கனூர் என்றால் ஏலக்காய். மலை மேலே விளையும் காய், கீழே இறங்கி ஏல மையத்துக்கு வந்து, தரம் பிரிக்கப்பட்டு ஊர் ஊராகப் போகிறது. அந்த மலைக்காரர்கள் வீட்டுக் கொல்லையில் பீன்ஸ், மொச்சை, சௌசௌ, முட்டைக்கோஸ் என்று வீட்டுச் சமையலுக்காகப் போட்டு வைப்பது பழைய பழக்கம். அந்தக் கொல்லைகளிலும் கீழே போடி, தேனி மாடித் தோட்டங்களிலும் இப்போது புதிதாகக் கேட்கப்படும் பெயர் புரோக்கோலி. கடையில் வாங்கினால் விலை அதிகம். மலைக்காற்று இருக்கிறதே, நாமே போட்டால் என்ன என்பதுதான் கேள்வி.

விதைப் பாக்கெட்டை வாங்கி விதைத்து ஒரு முறை பூ எடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அடுத்த வருஷத்துக்கு அதே செடியிலிருந்து விதை எடுத்து வைத்தால் அதே பூ வருமா என்பதில்தான் சிக்கல். பெரும்பாலான பாக்கெட்டுகளில் வராது. பாரம்பரிய விதையாக இருந்தால் வரும். அதற்கும் இடம், காலம், செடிகளின் எண்ணிக்கை என்று சில கணக்குகள் உண்டு. போடி ஊருக்குள் ஒரு கணக்கு, போடிமெட்டுச் சரிவில் வேறு கணக்கு.

பாரம்பரிய விதை என்றால் என்ன?

கடையில் கிடைக்கும் புரோக்கோலி விதைகளில் பெரும்பங்கு ‘எஃப்1’ என்று அச்சிட்ட வீரிய ஒட்டு ரகம். இரண்டு தனித்தனித் தாய், தந்தை வரிசைகளை நிறுவனம் பல ஆண்டுகள் காப்பாற்றி, அவற்றை ஒட்டு சேர்த்துக் கிடைக்கும் முதல் தலைமுறை விதை இது. எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே வாரத்தில் பூ, ஒரே அளவு. லாரி ஏற்றி அனுப்பும் விவசாயிக்கு இது தேவை. ஆனால் இந்தச் செடியிலிருந்து விதை எடுத்து மறுபடி விதைத்தால் தாய், தந்தை இரண்டின் குணங்களும் பிரிந்து கலந்து வரும். ஒன்று குட்டை, ஒன்று நெட்டை, ஒன்றில் பூ கெட்டியாக இருக்கும், இன்னொன்றில் இலைதான் மிஞ்சும். முளைக்காது என்பதில்லை. என்ன வரும் என்று சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

திறந்த மகரந்தச் சேர்க்கை ரகம் அப்படியில்லை. தேனீயும் ஈயும் தன் போக்கில் மகரந்தம் சேர்த்தாலும், அந்த ரகத்துச் செடிகளுக்குள்ளேயே சேர்ந்தால் பிள்ளைச் செடி தாயைப் போலவே இருக்கும். இப்படிப்பட்ட ரகங்களில் பல தலைமுறைகளாகக் கைமாறி வந்தவற்றைத்தான் பாரம்பரிய ரகம் என்கிறார்கள். புரோக்கோலியில் இத்தாலியின் கலாப்ரியா பகுதியின் பெயரைத் தாங்கிய கலாப்ரீஸ், இன்னொரு இத்தாலிய வகையான டி சிக்கோ ஆகியவை பெயர் பெற்றவை. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உருவான வால்தம் 29 இவற்றை விட இளையது என்றாலும், விதை எடுத்து வைக்கக்கூடிய திறந்த ரகம்.

இந்தியாவிலும் உண்டு. இமாசலப் பிரதேசத்தின் குலு பள்ளத்தாக்கில் இருக்கும் கட்ரைன் என்ற ஊரில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டல நிலையம் இயங்குகிறது. பூசா புரோக்கோலி கே.டி.எஸ்.1 அங்கே உருவான திறந்த ரகம். பாலம்பூர் வேளாண் பல்கலைக்கழகத்தின் பாலம் சம்ரிதியும் அதே வரிசை. தலைமுறை தலைமுறையாக வந்த விதை என்ற அர்த்தத்தில் இவை பாரம்பரியமானவை அல்ல. ஆனால் வீட்டுத் தோட்டக்காரருக்கு வேண்டிய குணம், அதாவது விதை எடுத்தால் அதே செடி வரும் குணம், இவற்றிலும் இருக்கிறது.

போடி மலைக்கென்று ஒரு பாரம்பரிய புரோக்கோலி கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த வட்டாரத்தின் சொந்த விதைச் செல்வம் வேறு. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. டாப் ஸ்டேஷனைத் தாண்டி கேரளப் பக்கம் இருக்கும் வட்டவடை, காந்தல்லூர் பூண்டுக்கும் அந்தக் குறியீடு கிடைத்திருக்கிறது. இரண்டுமே விவசாயிகள் வருஷா வருஷம் தங்கள் விளைச்சலிலிருந்து விதைப்பூண்டு ஒதுக்கி வைத்ததால் நிலைத்தவை. புரோக்கோலி இங்கே வந்தேறிதான். ஆனால் விதையை ஒதுக்கி வைக்கும் கை இங்கே ஏற்கெனவே பழகிய கை.

‘காலிஃபிளவர் பச்சையா பூத்த மாதிரி இருக்கே?’

இந்தக் கேள்வியில் உண்மை இருக்கிறது. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல், கேல், புரோக்கோலி எல்லாம் தாவரவியல் கணக்கில் ஒரே இனம். மத்தியதரைக் கடலோரத்துக் காட்டுச் செடி ஒன்றிலிருந்து, இலைக்காக ஒரு கூட்டம், தண்டுக்காக ஒரு கூட்டம், பூவுக்காக ஒரு கூட்டம் என்று மனிதர்கள் பிரித்து வளர்த்ததில் உருவானவை. புரோக்கோலியில் நாம் சாப்பிடுவது மலராத மொட்டுகளையும் அவற்றைத் தாங்கும் சதைப்பற்றான காம்பையும். காலிஃபிளவரில் சாப்பிடுவது மொட்டாக மாறுவதற்கும் முந்தைய நிலையில் பெருத்து நிற்கும் திசுவை.

இத்தாலியில் பல நூற்றாண்டுகளாக இருந்த பயிர் இது. பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெஃபர்சன் 1767-லேயே புரோக்கோலி நட்டதைத் தன் தோட்டக் குறிப்பில் எழுதியிருக்கிறார். இருந்தாலும் அமெரிக்காவில் அது பரவலாக விற்பனைக்கு வந்தது 1920-களில், இத்தாலியிலிருந்து குடியேறிய டி'அரிகோ சகோதரர்கள் கலிஃபோர்னியாவில் பயிரிட்டு பாஸ்டனுக்கு ரயிலில் அனுப்பிய பிறகுதான். ஊரை விட்டுக் கிளம்பியவர்கள் விதையையும் எடுத்துப் போனதால் பரவிய காய் இது. பிறகு வந்த வீரிய ஒட்டு ரகங்கள் சந்தையைப் பிடித்தன. இன்று உலகின் புரோக்கோலி விதை வியாபாரத்தில் ஜப்பானின் சகாட்டா போன்ற சில நிறுவனங்களே முன்னணியில் இருக்கின்றன.

இந்த உறவுமுறை தெரிந்திருப்பது விதை எடுப்பவருக்கு அவசியம். ஒரே இனம் என்பதால் பக்கத்தில் நூக்கலோ முட்டைக்கோஸோ பூத்து நின்றால் புரோக்கோலியோடு கலந்துவிடும்.

ஊருக்குள் ஒரு வெயில், மலையில் ஒரு குளிர்

போடி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி ஏறினால் வரும் போடிமெட்டு சுமார் 1,400 மீட்டர். கொழுக்குமலை 2,100 மீட்டரைத் தாண்டும். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சராசரியாக 6 முதல் 7 டிகிரி வரை குறையும் என்பது பொதுக்கணக்கு. விடிகாலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் இறங்கும் தொழிலாளர்களுக்கு இந்த வித்தியாசத்தைப் புத்தகம் சொல்லித்தர வேண்டியதில்லை. மேலே ஸ்வெட்டர், கீழே வேர்வை.

புரோக்கோலிக்குப் பூக்கட்டும் நேரத்தில் 15 முதல் 22 டிகிரி வரை இருந்தால் சுகம். 25 வரை சமாளிக்கும். 30-ஐ நெருங்கினால் மொட்டுகள் கெட்டியாகச் சேராமல் பிரிந்து நிற்கும், பூவுக்கு நடுவே சின்ன இலைகள் எட்டிப் பார்க்கும், சில நாளிலேயே மஞ்சளாக மலர்ந்துவிடும். ‘பூ விரிஞ்சு போச்சே, உரம் பத்தலையா?’ என்று கேட்பவர்களில் பலருக்குப் பதில் உரமல்ல, வெயில்.

எனவே போடி, தேனி, சின்னமனூர் போன்ற ஊர்களில் ஒரே ஒரு வாய்ப்புத்தான். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுவரை நாற்றுவிட்டு, நவம்பரில் நட்டு, டிசம்பர் கடைசி, ஜனவரிக்குள் பூ எடுத்துவிட வேண்டும். அப்போதும் பூ சிறியதாகவே இருக்கும். பிப்ரவரி பாதிக்கு மேல் வெயில் ஏறிவிடும்.

மலைச்சரிவில் 1,000 மீட்டருக்கு மேல் இருப்பவர்களுக்குக் காலம் நீளம். ஆனால் அங்கே எதிரி மழை. போடிமெட்டு முகட்டில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கேரளப் பக்கத்திலிருந்து அடிக்கும். அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழை இந்தப் பக்கத்திலிருந்து வரும். பூவின் மேல் தண்ணீர் தேங்கினால் அழுகல் வரும். செப்டம்பரில் கூரைக்கடியில் நாற்றுவிட்டு, அக்டோபரில் நட்டு, மழை ஓயும் டிசம்பர், ஜனவரியில் பூவுக்கு வரும்படி திட்டமிடுவது நல்லது. விதையும் எடுக்க வேண்டும் என்றால் இந்தக் கணக்கு இன்னும் முக்கியம்.

நாற்று முதல் நடவு வரை

ஒரு கிராமில் ஏறக்குறைய 300 விதைகள் இருக்கும். வீட்டுக்கு அரை கிராம்கூட அதிகம். குழித்தட்டில் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் கலந்து நிரப்பி, குழிக்கு ஒரு விதை, ஒரு சென்டிமீட்டர் ஆழம். 4 முதல் 7 நாளில் முளைக்கும். முளைத்த முதல் வாரத்தில் தண்ணீர் அதிகமானால் தண்டு தரையோடு இற்று விழும் நாற்றழுகல் நோய் வரும். மலை ஈரத்தில் இது சாதாரணம். காலையில் மட்டும் தண்ணீர், நல்ல காற்றோட்டம், ஊடகத்தில் டிரைக்கோடெர்மா கலந்து வைப்பது ஆகிய மூன்றும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும்.

வீட்டுக்குள் நிழலில் வைத்த நாற்று ஒல்லியாக நீளும். அதை நட்டால் சாயும். முளைத்த நாளிலிருந்தே வெளிச்சம் வேண்டும். 25 முதல் 30 நாளில், நான்கைந்து இலை வந்ததும் நடலாம். வயது முற்றிய நாற்றை நட்டால் செடி வளராமலே சுண்டைக்காய் அளவில் பூக்கட்டி நின்றுவிடும். விதை நன்றாக இருந்தும் பூ சிறுத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இடைவெளி செடிக்குச் செடி 45 சென்டிமீட்டர். மாடியில் என்றால் செடிக்கு 15 லிட்டர் பை ஒன்று. ஏலத்தோட்ட மண் மட்கு நிறைந்தது, ஆனால் புளிப்பு மண். புரோக்கோலிக்குக் கார அமில நிலை 6 முதல் 7 வரை இருந்தால் நல்லது. நடுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே சுண்ணாம்போ டோலமைட்டோ தூவிக் கிளறி விட வேண்டும். வேர்கள் முடிச்சு முடிச்சாகப் பருத்துப்போகும் வேர்முடிச்சு நோய் புளிப்பு மண்ணில்தான் அதிகம். சுண்ணாம்பு அதையும் மட்டுப்படுத்தும்.

இலை பெரிதாக வந்து, பூவின் காம்பை வெட்டிப் பார்த்தால் உள்ளே பொந்தாகவும் பழுப்பாகவும் இருந்தால் போரான் சத்துக் குறைவாக இருக்கலாம். மழை அடித்துக் கழுவும் மலை மண்ணில் இது வரும். மண் பரிசோதனை செய்துவிட்டுப் போராக்ஸ் இடுவதே சரி. போரான் கொஞ்சம் கூடினாலும் செடிக்கு விஷம் என்பதால் கைக்கணக்கில் போடும் சமாச்சாரம் இல்லை. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருப்பது தேனி மாவட்டத்துக்காரர்களுக்கு வசதி. அங்கே ஆலோசனை கேட்கலாம்.

புழுவும் பக்கத்துத் தோட்டத்து மருந்தும்

கோஸ் குடும்பத்தின் நிரந்தர விருந்தாளி வைரமுதுகு அந்துப்பூச்சி. அதன் பச்சைப் புழு இலையைச் சல்லடையாக்கும். பூவுக்குள் புகுந்துவிட்டால் சமைக்கும்போதுதான் தெரியும். பல பூச்சிக்கொல்லிகளுக்கு எதிர்ப்புத் திறன் வளர்த்துக்கொண்ட பூச்சி என்று உலக அளவில் பேர் எடுத்தது. வீட்டுத் தோட்டத்தில் கெமிக்கலை எடுத்துக்கொண்டு இதோடு சண்டைக்குப் போவது வீண்.

நாற்று நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஓரத்தில் கடுகு விதைத்துவிட்டால் அந்துப்பூச்சி முதலில் அதைத் தேடிப் போகும். முட்டைக்கோஸ் வயல்களில் 25 வரிசைக்கு இரண்டு வரிசை கடுகு என்பது பரிந்துரைக்கப்பட்ட பழைய உத்தி. நாலைந்து செடி இருக்கும் கொல்லைக்கு ஓரத்தில் ஒரு கைப்பிடி கடுகு போதும். 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல், அதாவது லிட்டருக்கு 50 கிராம் கொட்டை இடித்து ஊறவைத்து வடிகட்டியது, புழு சின்னதாக இருக்கும்போதே தெளித்தால் பலன் தரும். அசுவினிக்கு வேகமாகத் தண்ணீர் பீய்ச்சி அடிப்பதே பாதி வைத்தியம். பத்து செடிக்குக் கொசுவலை கட்டுவது எல்லாவற்றையும் விடச் சுலபம்.

ஏலமலையில் வீட்டுத் தோட்டம் போடுபவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம் இன்னொன்று. ஏலச் செடியில் இலைப்பேனும் தண்டுத் துளைப்பானும் பெரிய தொல்லை. அதற்காகத் தோட்டங்களில் ஒரு பருவத்தில் பலமுறை பூச்சிமருந்து அடிக்கப்படுகிறது. ஏலக்காயில் மருந்து எச்சம் இருப்பது ஏற்றுமதியிலேயே தலைவலியாக இருந்துவருகிறது. லயத்து வீடுகளைச் சுற்றியுள்ள கொல்லை அந்தத் தோட்டத்துக்குள்ளேயேதான் இருக்கிறது. காற்றில் வரும் தெளிப்பு மொட்டுக் கொத்துக்குள் படிந்தால் கழுவி எடுப்பது கஷ்டம். தெளிக்கும் நாளைத் தெரிந்துகொண்டு செடிகளைப் பிளாஸ்டிக் தாளால் மூடி வைப்பது, காற்று வரும் திசையில் உயரமான வேலிச்செடி வளர்ப்பது, ஏலத்தோட்ட எல்லையிலிருந்து முடிந்தவரை தள்ளிப் பாத்தி அமைப்பது ஆகியவை செய்யக்கூடியவை. ஏலத்துக்கு வாங்கிய மருந்தின் மிச்சத்தைக் கொல்லைச் செடிக்கு அடிப்பது மட்டும் கூடவே கூடாது. அந்த மருந்து சாப்பிடும் காய்கறிக்கு எத்தனை நாள் இடைவெளி என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எப்போது பறிக்க வேண்டும்?

நட்ட 60 முதல் 90 நாளில், ரகத்தைப் பொறுத்து, நடுப்பூ தயாராகும். அளவைப் பார்க்கக்கூடாது, மொட்டைப் பார்க்க வேண்டும். மொட்டுகள் குண்டூசித் தலை அளவில் நெருக்கமாக இருக்கும்போதே, 10 முதல் 15 சென்டிமீட்டர் காம்போடு சாய்வாக வெட்டலாம். ஒரு மொட்டு மஞ்சள் காட்டினாலும் மறுநாள் தள்ளக்கூடாது.

பாரம்பரிய ரகத்தின் லாபம் இதற்குப் பிறகுதான். டி சிக்கோ, கலாப்ரீஸ் போன்றவற்றில் நடுப்பூ சிறியது. ஆனால் அதை வெட்டிய பிறகு இலைக் கணுக்களிலிருந்து பக்கக் கிளைகள் வந்து, ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பூ வைக்கும். ஒரு மாதத்துக்கும் மேலாக வாரம் இரண்டு முறை ஒரு கைப்பிடி கிடைக்கும். ஒரே நாளில் எல்லாம் விளைவது சந்தைக்கு வசதி. கொஞ்சம் கொஞ்சமாக வருவது வீட்டுச் சமையலுக்கு வசதி. இளம் இலையும் தோல் சீவிய தண்டும் வீணில்லை. தண்டைப் பொடியாக நறுக்கித் தேங்காய் போட்டுப் பொரியல் செய்தால் நூக்கல் சாடை இருக்கும்.

விதைக்கு விடுவது எப்படி?

முட்டைக்கோஸ் விதை ஏன் பெரும்பாலும் இமாசலப் பிரதேசம், காஷ்மீர் பக்கமிருந்து வருகிறது? முட்டைக்கோஸ் பூப்பதற்கு வாரக்கணக்கில் கடுங்குளிர் படவேண்டும். சமவெளியில் அது இலையைச் சுருட்டிக்கொண்டே இருக்குமே தவிர பூக்காது. கலாப்ரீஸ் வகைப் புரோக்கோலி அப்படியில்லை. நாம் சாப்பிடுவதே மொட்டு என்பதால், பறிக்காமல் விட்டால் தானே மலரும். மலைச்சரிவில் வீட்டு விதை சாத்தியம் என்று சொல்வதற்கு இதுவே அடிப்படை. ஆனால் ஊதா நிறத்துக் கிளைப்பூ வகை புரோக்கோலியின் பாக்கெட்டைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அதில் பல ரகங்கள் ஐரோப்பியப் பனிக்காலம் முழுவதும் நின்று வசந்தத்தில் பூப்பவை. போடிமெட்டுக் குளிர் அதற்குப் போதாமல் போகலாம்.

விதைக்கு விடும்போது நான்கு விஷயங்கள் முக்கியம்.

முதலாவது, எண்ணிக்கை. புரோக்கோலிச் செடி பொதுவாகத் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஒரே ஒரு செடியை விதைக்கு விட்டால் பூ நிறைய இருக்கும், காயில் விதை இருக்காது. குறைந்தது ஐந்தாறு செடி ஒரே சமயத்தில் பூக்க வேண்டும். ரகம் பல ஆண்டுகளுக்கு வீரியம் குன்றாமல் இருக்க 20 செடிக்கு மேல் வேண்டும். ஒரு வீட்டில் அத்தனைக்கு இடமில்லை என்றால் பக்கத்துப் பக்கத்து வீடுகள் மூன்று, நான்கு சேர்ந்து ஒரே ரகத்தைப் போடலாம். தேனீ வேலி பார்ப்பதில்லை.

இரண்டாவது, தேர்வு. முதலில் பூத்த செடியையே விதைக்கு விடுவது பலர் செய்வது. சீக்கிரம் மலர்ந்துவிடும் குணம்தான் அப்போது அடுத்த தலைமுறைக்குப் போகும். பூ கெட்டியாக இருந்து, வெயிலுக்கும் அசராமல் பல நாள் மலராமல் நின்ற செடிகளே விதைச் செடிகள். சாப்பிட வேண்டும் என்று கை போகும் செடியைத்தான் விட்டுவைக்க வேண்டும். இதில்தான் மனசு கேட்காது.

மூன்றாவது, விலகல். ஒரு கிலோமீட்டருக்கும் மேலான சுற்றளவில் முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூக்கல், கேல் எதுவும் அதே சமயத்தில் பூத்திருக்கக் கூடாது. பயப்படும் அளவுக்கு இது கஷ்டமில்லை. அந்தக் காய்களையெல்லாம் பூக்கும் முன்பே அறுத்துச் சாப்பிட்டுவிடுகிறோம். பறிக்காமல் மறந்துபோன ஒரு நூக்கல் செடி பூத்து நின்றால் பிடுங்கிவிட்டால் போதும். நம் ஊர்க் கடுகும் முள்ளங்கியும் வேறு இனம் என்பதால் சாதாரணமாகக் கலப்பதில்லை. ஓரத்துக் கடுகு இருந்துவிட்டுப் போகலாம்.

நான்காவது, காலம். ஜனவரியில் பூக்கட்டினால் பிப்ரவரியில் மஞ்சளாக மலரும். மெல்லிய காய்கள் பிடித்து, மார்ச், ஏப்ரலில் முற்றி, வெளிறிக் காயும். பூ மலர்ந்து விதை காய இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். சரிவில் அந்த மாதங்கள் ஓரளவு உலர்ந்தவை. கோடை மழை அவ்வப்போது வந்தால் மேலே ஒரு தார்ப்பாய்ப் பந்தல் தேவைப்படும். ஜூன் மழை பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். தாமதமாக விதைத்தவர்களின் காய்கள் மழையில் நனைந்து, செடியிலேயே விதை முளைத்துவிடும். போடி ஊருக்குள் பிரச்சினை வேறு. மார்ச் வெயிலில் மகரந்தம் சரியாக வேலை செய்யாமல் காய்கள் சொத்தையாகும். கீழே இருப்பவர் பூவை ரசித்துச் சாப்பிட்டுவிட்டு, மேலே இருக்கும் சொந்தக்காரரிடம் விதை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம்.

பூத்த செடிக்கு வேப்பங்கொட்டைக் கரைசல்கூட அந்தியில்தான் தெளிக்க வேண்டும், பகலில் தேனீ வரும். ஏலச் செடிக்கும் மகரந்தம் சேர்ப்பது தேனீதான். ஏலப்பூ ஒரு நாள்தான் மலர்ந்திருக்கும், அன்று தேனீ வராவிட்டால் காய் இல்லை. ஏலம் அதிகம் பூக்காத பிப்ரவரி, மார்ச்சில் கொல்லையில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் புரோக்கோலி அந்தத் தேனீக்களுக்கு ஒரு வேளைச் சாப்பாடு. தோட்டக்காரருக்கும் அதில் நஷ்டமில்லை.

விதையைக் காப்பாற்றுவது

காய்களில் முக்கால்வாசி பழுப்பானதும் கிளையோடு வெட்டி, துணிப்பையில் தலைகீழாகக் கட்டி நிழலில் தொங்கவிட வேண்டும். ஒரு வாரம் கழித்துத் தட்டினால் கடுகு போலக் கரும்பழுப்பு விதை உதிரும். புடைத்து எடுத்து மேலும் சில நாள் உலர்த்தலாம்.

விதைக்கு எதிரி ஈரமும் சூடும். மலை வீட்டில் மழைக்காலத்தில் தீப்பெட்டியே நமுத்துப்போகும். காகிதப் பொட்டலத்தில் வைத்த விதை அந்த ஒரு மழைக்காலத்திலேயே வீரியம் இழக்கும். இறுக்கமான மூடி போட்ட கண்ணாடிப் பாட்டிலில், நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசியை ஒரு சின்னத் துணியில் முடிந்து உள்ளே போட்டு, அதோடு விதையை வைத்தால் அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் வைத்தால் இன்னும் நல்லது. இப்படி வைத்த விதை மூன்று முதல் ஐந்து ஆண்டு தாங்கும். விதைக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒரு வாரத்தில் எட்டு முளைத்தால் விதை தரமானது. ஐந்துக்குக் கீழே போனால் இரட்டிப்பாக விதைக்க வேண்டும்.

இலை ஓரத்திலிருந்து ஆங்கில எழுத்து ‘வி’ வடிவில் மஞ்சளாகி நரம்பு கறுக்கும் கருப்பழுகல் நோய் விதை வழியே பரவும். அந்த அறிகுறி காட்டிய செடியிலிருந்து விதை எடுக்கவே கூடாது. சந்தேகம் இருந்தால் 50 டிகிரி வெந்நீரில் 20 நிமிடம் வைத்துக் குளிர்ந்த நீரில் அலசி உலர்த்தலாம். சூட்டை வெப்பமானி வைத்துத்தான் பார்க்க வேண்டும். கொஞ்சம் கூடினாலும் விதை வெந்துவிடும்.

விதை எடுத்து வைக்கச் சட்டம் இடம் தருகிறதா?

தருகிறது. 2001-ல் நிறைவேறிய பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டத்தின் 39-வது பிரிவு, விவசாயி தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்க, விதைக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, பகிர்ந்துகொள்ள, விற்க உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகமாக இருந்தால் அதை நிறுவனப் பெயர் போட்ட விதையாகப் பாக்கெட் செய்து விற்கக் கூடாது என்பதே வரம்பு. பக்கத்து வீட்டுக்கு ஒரு தேக்கரண்டி விதை கொடுப்பதில் எந்தத் தடையும் இல்லை.

ஏலமலையில் இதற்கு ஒரு முன்னுதாரணமும் உண்டு. இன்று ஏலத்தோட்டங்களில் பரவியிருக்கும் ஞள்ளானி ரகம் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததல்ல. இடுக்கி மாவட்ட விவசாயி செபாஸ்டியன் ஜோசப் குடும்பத்தினர் தங்கள் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடிகளைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுத்துப் பெருக்கியது. ஏலத்தைக் கிழங்கோடு பிரித்து நட்டால் அப்படியே தாய் வரும் என்பதால் அங்கே வேலை வேகமாக நடந்தது. புரோக்கோலி விதை வழிப் பயிர். அதே வேலைக்கு இங்கே அதிக ஆண்டுகள் பிடிக்கும்.

முதல் ஆண்டு கே.டி.எஸ்.1, கலாப்ரீஸ் என்று இரண்டு ரகத்தைப் போட்டுப் பார்த்து, தன் இடத்துக்கு எது ஒத்துவருகிறது என்று அறியலாம். விதைக்கு விடும்போது ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் சேர்ந்து பூத்தால் கலந்துவிடும். இரண்டாம் ஆண்டில் வீட்டு விதையும் பாக்கெட் விதையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கட்டும். ஐந்தாறு பருவம் தொடர்ந்து நல்ல செடிகளையே ஒதுக்கினால், அந்தச் சரிவின் மழைக்கும் வெயிலுக்கும் பழகிய விதை கையில் சேரத் தொடங்கும். நடுவில் ஒரு வருஷம் மழையில் காய் அழுகிப் போகலாம். அதனால் எடுத்த விதை முழுவதையும் ஒரே ஆண்டில் விதைத்துவிடாமல், பாதியை எப்போதும் பாட்டிலில் மிச்சம் வைப்பது நல்லது. இன்னும் கொஞ்சத்தை இன்னொரு வீட்டுப் பாட்டிலில் கொடுத்து வைப்பது அதைவிட நல்லது.